செவலை குடித்த தண்ணீர்

பிரம்மநாயகியின் வலது கைக் கட்டைவிரல் மடங்கவில்லை.

மடங்காத விரலை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற விரல்களுக்கு இடையில் காம்பை இடுக்கிக் கறந்தாள். வலி தோள்பட்டையில் கிளம்பி முழங்கை வழியாக இறங்கி மணிக்கட்டில் உட்கார்ந்தது. பால் வாளியில் விழும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. மயிலைப்பசு திரும்பி ஒருமுறை பார்த்தது. கறக்கும் கை சரியில்லை என்று மாட்டுக்குத் தெரிந்துவிடும்.

கறவைக்கு வந்துகொண்டிருந்த ஆள், தொழுவைக் காலி செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றிலிருந்து அத்தனை மடியும் இவள் கைக்கு வந்துவிட்டன.

சீவலப்பேரி ஆற்றங்கரையில் குத்தகைக்கு எடுத்த நிலம். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் அதை மனைகளாகப் போட விற்றுவிட்டார். போன வாரம் தீவனப்புல் நின்ற இடத்தில் இயந்திரம் ஓடியது. இப்போது அங்கே மஞ்சள் அடித்த கற்கள் நிற்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் தொழுவைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரமே பிரித்துவிடும்.

புது இடம் தேடி மானூர்ப் பக்கம் போனார்கள். தண்ணீர் சரியில்லை. கடையம் மலையடிவாரத்துக்குப் போனார்கள். புல், தண்ணீர், நிழல் எல்லாம் பிடித்திருந்தது. அந்த இடம் சிறுத்தைக்கும் பிடித்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இழுத்துப் போட்டிருந்த கன்றின் மிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

"ஏட்டி, மாட்டு வியாபாரி போன் போட்டான். நாளைக்குக் காலையில லாரி வருதாம்" என்றார் கட்டிலில் கிடந்த கணவர் தாணுமாலையன்.

மாசி மாதம் ஒரு மாடு அவரைச் சுவரோடு வைத்து நெருக்கியதில் இடுப்பெலும்பு விட்டுப்போனது. அதற்குப் பிறகு அவருக்குக் கட்டில்தான் தொழு. அங்கிருந்தே மாடுகளை எண்ணுவார், அங்கிருந்தே திட்டுவார்.

"வரட்டும். வந்துட்டுச் சும்மா போகட்டும்."

"சும்மா போக அவன் என்ன கோயில் கொடை பாக்கவா வாரான்?"

"அந்த லாரி எங்க போவும்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்." அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "தெரிஞ்சுதான் வரச் சொல்லிருக்கேன். வெள்ளிக்கிழமை இதுகளை எங்கன கட்டுவ? வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்புலயா?"

மகன் கணேஷ்ராம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். வண்ணார்பேட்டையில் செல்போன் கடையில் வேலை. இன்று லீவு போட்டுவிட்டு, கூட்டாளியின் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"யப்பா, குலசேகரன்பட்டினத்துக்கு இந்தப் பக்கம் ஒரு எடம். தேவசிகாமணின்னு ஒரு அண்ணாச்சி. கோழிப்பண்ணை போட்டுக் கை சுட்டுக்கிட்டாரு. கொட்டகை சும்மா கெடக்கு. சுத்தி வீடே கிடையாது, சாணி நாத்தம்னு ஒருத்தனும் வர மாட்டான். தசராவுக்கு மாலை போட்டு ஆளுக வர ஆரம்பிச்சா டீக்கடைக்குப் பால் பத்தாதாம்."

"தண்ணி?"

"போர் இருக்கு."

"போர் இருக்கும்லே. அதுல என்ன வருதுன்னு கேக்கேன். கடலு பக்கத்துல எடம் பாத்துட்டு வந்து பாலைப் பத்திப் பேசுதான் பாரு, மூதி."

கணேஷ்ராம் அம்மாவைப் பார்த்தான். பிரம்மநாயகி பால் வாளியைத் தூக்கி வைத்துவிட்டுக் கட்டில் அருகே வந்தாள்.

"தண்ணி காட்டிப் பாத்துருவோம்" என்றாள்.

அது அந்த வீட்டு வழக்கம். மாடுகளை இடம் மாற்றும்போது முதலில் ஒரு மாட்டை மட்டும் கொண்டுபோய் அந்த ஊர்த் தண்ணீரைக் காட்டுவார்கள். வாயை எடுக்காமல் குடித்தால் மற்றவற்றையும் ஓட்டிக்கொண்டு போகலாம். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பினால் அந்த ஊர் ஆகாது. மனுசன் எந்தத் தண்ணீரையும் காப்பி போட்டுக் குடித்துவிடுவான், மாட்டுக்கு அது முடியாது என்பார் தாணுமாலையன். இத்தனை வருடம் தாமிரபரணியைக் குடித்த மாடுகள் வேறு. மானூரில் செவலைப்பசு வாளியை முட்டித் தள்ளிவிட்டது.

"செவலையக் கொண்டு போ" என்றார் அவர். "அவ குடிச்சா, நான் வியாபாரிய வர வேண்டாம்னு சொல்லிருதேன். குடிக்கலன்னா நாளைக்கு லாரி வரும், நீ ஒரு வார்த்தை பேசப்படாது."

"செவலை நெறைமாசம் ஆகப்போகுது. மயிலையக் கொண்டு போறேன்."

"மயிலை சாக்கடையக் குடுத்தாலும் குடிக்கும். செவலைதான்."

பிரம்மநாயகி வாளியை எடுத்துக்கொண்டு தொழுவுக்குள் போனாள்.

காலைத் தண்ணீர் காட்டும் நேரம். தொட்டியில் மொண்டு ஒவ்வொரு மாட்டின் முன்னும் வாளியை வைத்துக்கொண்டே வந்தாள். செவலை கழுத்தை நீட்டியது. நாக்கை வெளியே விட்டு மூக்கை நக்கிக்கொண்டது.

பிரம்மநாயகி வாளியோடு அதைத் தாண்டி அடுத்த மாட்டிடம் போனாள்.

பிறகு தவிட்டுச் சட்டியை எடுத்து வந்து செவலை முன்னால் வைத்தாள். முந்தியில் ஒளித்துக்கொண்டு வந்த கல்லுப்பை அதில் போட்டுக் கையால் பிசைந்தாள். வெடித்திருந்த விரல்களில் உப்பு ஏறி எரிந்தது. இன்னொரு பிடி போட்டாள்.

செவலை சட்டியை வழித்து நக்கியது.

வண்டியில் ஏற்றும்போது உலகம்மாள் வந்துவிட்டாள். களை பறிக்கப் போகும் வழியில் தினமும் ஒரு கட்டு அறுகம்புல் கொண்டுவந்து செவலைக்குப் போட்டுவிட்டுத்தான் போவாள். செவலை அவளுடைய மாடு.

வெள்ளம் வந்த வருடம் உலகம்மாளின் வீடும் மாடு கட்டும் சாய்ப்பும் ஆற்றோடு போயின. மிஞ்சியது செவலைக் கன்று ஒன்றுதான். கட்ட இடமில்லாமல், ஈத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் வாரத்துக்குக் கொண்டுவந்து இங்கே விட்டாள். வாரத்துக்குப் பத்திரமோ கையெழுத்தோ கிடையாது. முதல் ஈத்து வளர்ப்பவருக்கு, இரண்டாம் ஈத்து மாட்டுக்காரிக்கு. முதல் ஈத்துக் கன்றையும் பாலையும் பிரம்மநாயகி எடுத்துக்கொண்டாயிற்று. இப்போது வயிற்றில் இருப்பது உலகம்மாளுடையது.

"எக்கா, எங்க கூட்டிட்டுப் போறீய எம்மவள?"

"தண்ணி காட்டப் போறோம், குலசைப் பக்கம்."

"அடி சக்க! எனக்கு முன்னால கடலு பாக்கப் போறா." உலகம்மாள் செவலையின் வயிற்றில் கையை வைத்தாள். உள்ளே ஏதோ அசைந்திருக்க வேண்டும், அவள் முகம் விரிந்தது. "பொட்டையாப் போடுட்டீன்னு தெனம் சொல்லிட்டுதான் இருக்கேன். காளையப் போட்டா அம்மைக்கும் மவளுக்கும் ஒறவு அத்துப்போச்சுன்னு சொல்லிருக்கேன். இந்த முட்டிய வச்சுக்கிட்டு இன்னும் எத்தன நாள் சேத்துல குனிய முடியும், சொல்லுங்க? ஒரு கிடாரி கையில இருந்தா, நான் பாட்டுக்கு வாசல்ல கட்டிப்போட்டு..."

பேச்சை நிறுத்திச் செவலையின் வாயைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன, வாயெல்லாம் காஞ்சு கெடக்கு? தண்ணி குடிச்சுட்டாளா?"

"குடிச்சுட்டா" என்றாள் பிரம்மநாயகி.

வண்டி கிளம்பியது. வல்லநாடு தாண்டும்போதே தகரம் சுட ஆரம்பித்துவிட்டது. பின்னால் மாட்டோடு நின்றுகொண்டிருந்த பிரம்மநாயகி, சாக்கை விரித்து அதன் முதுகில் போட்டாள். செவலை கால்களை அகட்டி நின்றது. கடைவாயில் வெள்ளை நுரை கட்டியிருந்தது. அது தன் கையை நக்க வந்தபோது பிரம்மநாயகி கையை இழுத்துக்கொண்டாள்.

ஸ்ரீவைகுண்டம் பாலம் ஏறியதும் செவலை கத்தியது. ஆற்று வாடை. கயிற்றை இழுத்துக்கொண்டு வண்டியின் பக்கப் பலகையில் மோதியது. வண்டி ஆடியது. கணேஷ்ராம் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"எம்மா, தாகமா இருக்கோ? கீழ இறக்கி ஒரு வாய் காட்டிட்டுப் போவமா?"

கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. நிறைய இல்லை. ஒரு மாட்டுக்குத் தாராளமாகப் போதும்.

"வேண்டாம். இங்க குடிச்சுட்டா அங்க எப்படிக் குடிக்கும்? ஓட்டு."

"பாவம்மா..."

"ஓட்டுலேன்னா ஓட்டு!"

அதற்குப் பிறகு செவலை கத்தவில்லை.

தேவசிகாமணியின் கொட்டகை பனைகளுக்கு நடுவே, செம்மண்ணில் இருந்தது. காற்று மணலை வாரி அடித்தது. மனிதர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார்.

"வாங்க தம்பி, வாங்கக்கா. எடத்தப் பாருங்க, காத்தப் பாருங்க, எல்லாம் நல்லாருக்கும். தண்ணிய மட்டும் மொதல்லயே சொல்லிருதேன், பின்னால என்னைய ஏசப்படாது. கொஞ்சம் கரிக்கும். நாங்க குடிக்கதுக்கு வண்டித் தண்ணிதான் வாங்குதோம்."

"கோழிக்கு?" என்றான் கணேஷ்ராம்.

"கோழி இதத்தான் குடிச்சுது. அதான் கோழியுமில்ல, நானுமில்ல." அவரே சிரித்துக்கொண்டார்.

கணேஷ்ராம் செல்போனில் அப்பாவை அழைத்து, முகம் தெரியும்படி பிடித்துக்கொண்டான். திரையில் தாணுமாலையனின் நரைத்த தாடியும் கட்டில் விளிம்பும் தெரிந்தன.

"மாட்டக் காட்டுலே. வாளியக் காட்டு. உன் மூஞ்சி எதுக்கு எனக்கு?"

தேவசிகாமணி மோட்டாரைப் போட்டார். வாளி நிறைந்தது. பிரம்மநாயகி அதைச் செவலையின் முன்னால் வைத்தாள்.

செவலை முகரவில்லை. மூக்கு முங்க வாயை வைத்து உறிஞ்சியது. தொண்டை ஏறி இறங்கியது. வாளி காலியாகித் தகரத்தில் நாக்கு உரசும் சத்தம் கேட்டது.

"ஏ யப்பா!" என்றார் தேவசிகாமணி. "எங்க ஆடே இதுக்கு மூஞ்சியத் திருப்பும்!"

இரண்டாவது வாளி. மூன்றாவது. தாகத்தில் நிற்கிற மாட்டுக்குப் பையப் பையத்தான் காட்ட வேண்டும் என்று பிரம்மநாயகிக்குத் தெரியாததல்ல. முதல் வாளியோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் ஏன் நிறுத்துகிறாய் என்று திரையில் இருப்பவர் கேட்பார். மாட்டைப் பற்றி அவரிடம் பொய் சொன்னால் நிற்காது. அடுத்த வாளியையும் மொண்டு வந்து வைத்தாள்.

"செவலையா குடிக்கா?" என்றது செல்போன். குரல் உடைந்திருந்தது. "வாயே எடுக்கலயே... ஏட்டி, பாத்தியா... நான் வியாபாரிட்ட சொல்லிருதேன். இப்பமே சொல்லிருதேன். ஒண்ணையும் ஏத்த வேண்டாம். ஒண்ணையும்..."

இருபத்தெட்டு வருடத்தில் அவர் அழுது பிரம்மநாயகி பார்த்ததில்லை. இடுப்பு உடைந்தபோதுகூட அழவில்லை. அவள் திரையின் பக்கம் திரும்பவே இல்லை.

கணேஷ்ராமும் தேவசிகாமணியும் கொட்டகையைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். எங்கே கட்டுத்தறி, எங்கே சாணிக் குழி என்று மகன் கையை நீட்டிப் பேசும் சத்தம் கேட்டது. பிரம்மநாயகி குழாயடியில் கையைக் குவித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

துப்பிவிட்டாள்.

திரும்பி வரும்போது கணேஷ்ராம் முன்னாலிருந்து கத்திப் பேசிக்கொண்டே வந்தான். நாளைக்கே இரண்டு வண்டி பிடித்துவிடலாம், அண்ணாச்சி கொட்டகையைக் கூட்டி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார், தசராவுக்கு முன்னால் ஒரு டீக்கடைக்காரரையாவது பேசிவிட வேண்டும். பிரம்மநாயகி செவலையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் கல்லைப் போல இறுகியிருந்தது. தோல் விட்டுவிட்டு நடுங்கியது.

ஆழ்வார்திருநகரி தாண்டியதும் முன்னங்கால் மடங்கியது. அப்படியே பக்கவாட்டில் விழுந்தது. வயிறு பலகையில் அடித்த சத்தத்தில் கணேஷ்ராம் பிரேக் போட்டான்.

"எந்திட்டீ... செவல, எந்திட்டீ..."

எழவில்லை. வாலைத் தூக்கி முக்கியது.

"வண்டிய ஆத்துக்கு இறக்குலே!" என்று அலறினாள்.

ஸ்ரீவைகுண்டம் பாலத்துக்குக் கீழே மண்பாதையில் வண்டியை இறக்கினான். மணல் அள்ளிக் குழி விழுந்த கரை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்து கை கொடுத்துச் செவலையைச் சாக்கோடு கீழே இறக்கினார்கள். ஒருவர் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

டாக்டர் வருவதற்குள் கன்று வந்துவிட்டது. மாதம் நிறையவில்லை, மயிர் குட்டையாகத்தான் இருந்தது. பிரம்மநாயகி வாயில் விரலை விட்டுச் சளியை எடுத்தாள். பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி உதறினாள். மூக்கில் வாய் வைத்து ஊதினாள். விலா ஒருமுறை ஏறியது. இறங்கியது. பிறகு ஏறவில்லை.

வயிற்றுப் பக்கம் புரட்டிப் பார்த்தாள். கிடாரி. நெற்றியில் வெள்ளை.

டாக்டர் பைக்கை நிறுத்திவிட்டு வந்து முதலில் தாயைப் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"எப்பம் தண்ணி குடிச்சுது?"

"மத்தியானம்" என்றான் கணேஷ்ராம். "நாலஞ்சு வாளி இருக்கும் சார். கடகடன்னு குடிச்சுது."

"அதுக்கு முன்னால?"

கணேஷ்ராம் அம்மாவைப் பார்த்தான். காலையில காட்டிருப்பாங்க சார் என்று சொல்ல வாயெடுத்தான்.

"காட்டல" என்றாள் பிரம்மநாயகி. "நேத்து சாயங்காலம் குடிச்சதுதான். காலையில தவிட்டுல உப்புப் போட்டேன். நெறையப் போட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு, "வெயிலு, குலுக்கலு, உப்பு, அந்தத் தண்ணி... எதுன்னு தனியாச் சொல்ல முடியாதும்மா. விழுந்த அடியும் சேந்துட்டு. தாயி பொழைக்கலாம். ராத்திரி தாண்டட்டும்" என்றார். பையை மூடிக்கொண்டு போனார்.

கணேஷ்ராம் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பம் அது குடிச்சது..."

"தாகத்துல குடிச்சுது."

"அந்தத் தண்ணிய மத்த மாடு குடிக்குமா?"

"எனக்கு எப்படிலே தெரியும்?" அவள் கத்தினாள். "நாளைக்கு லாரி வருது. உங்கப்பா கட்டில்ல கெடந்துக்கிட்டு அத வரச் சொல்லுதாரு. நீ எடம் இருக்குன்னு சொல்லுத. நான் என்ன செய்ய? இது குடிச்சே ஆகணும்னு இருந்துச்சு எனக்கு. குடிக்க வச்சேன்."

அவன் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. அப்பா. எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். நின்று மறுபடி அடித்தது. பிரம்மநாயகி ரத்தம் காய்ந்த கையை நீட்டி வாங்கினாள்.

"ஏட்டி, வியாபாரிய விரட்டிட்டேன்!" தாணுமாலையனின் குரலில் பழைய அதிகாரம் வந்திருந்தது. "இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்னுட்டான். போலே, உன் லாரியும் நீயும்னுட்டேன். எங்க வாறீய? உலகம்மா வேலை முடிஞ்சு நேரா இங்க வந்து உக்காந்துருக்கா. அவட்ட எல்லாம் சொல்லிட்டேன். இந்தா, பேசணுங்கா."

"சத்த பொறுங்க..."

"எக்கா!" உலகம்மாள் செல்போனுக்குள் சத்தம் போட்டே பேசுவாள். "நாலு வாளி குடிச்சாளாமே எம்மவ! நான் சொல்லுதேன் பாத்துக்கிடுங்க, வயித்துல கெடக்கது பொட்டைதான். அதான் எந்த ஊருத் தண்ணியும் ஒத்துக்கிடுது. புல்லு அறுத்து வச்சுருக்கேன், பையக் கூட்டிட்டு வாங்க. குலுங்காம கூட்டிட்டு வாங்க, என்ன?"

"ம்" என்றாள் பிரம்மநாயகி.

செல்போனை மகனிடம் கொடுத்துவிட்டுக் கன்றைச் சாக்கில் சுற்றினாள். ஒரு முனையில் சாக்கு போதவில்லை. குளம்பு வெளியே தெரிந்தது. சேலை முந்தியைக் கிழித்து அதையும் கட்டினாள்.

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். கால் வாளிதான் மொண்டாள். செவலை தரையில் கிடந்தபடியே கழுத்தை நீட்டி முகர்ந்து பார்த்தது. கொஞ்சமாகக் குடித்தது. நிறுத்தி அவளைப் பார்த்தது. மறுபடி குடித்தது.

வெள்ளிக்கிழமை இயந்திரம் வரும். லாரி வராது. மற்ற மாடுகளுக்கு ஊர் இல்லை.

வாரத்துக்கு வாங்கிய மாட்டின் முதல் ஈத்து பிரம்மநாயகி வீட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. உலகம்மாளுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு கிடாரிக் கன்று இன்னும் பாக்கி.